கல்வெட்டு மென்பொருளுக்கு எந்தக் கருவி? இழுத்துப் போடுதலையும் கிளிப்போர்டையும் வைத்து ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்து அச்சகங்களில், ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் என்பது தள்ளிப்போட முடியாத கெடு. அன்றைய அந்தியேட்டிக் கிரியைக்கு முன், இறந்தவரின் நினைவாக அச்சிடும் கல்வெட்டு என்ற நூல் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். அதற்கான சரக்கோ ஒரே வழியில் வந்து சேர்வதில்லை. வாழ்க்கை வரலாற்றை ஊரிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வேர்ட்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டித் தருவார். இரங்கல் உரைகள் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட்டில் வரும். படங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய ஒரு சிப் (zip) கோப்பாக மின்னஞ்சலில் வரும். அவற்றில் சில மக் கணினியில் பெயரிடப்பட்டவையாக இருக்கும். இவை எல்லாவற்றையும் ஒரு சாளரத்துக்குள் இழுத்துப் போட்டு, ஒட்டி, அடுக்கி, பக்க வடிவமைப்பு மென்பொருள்களான இன்டிசைனுக்கோ பேஜ்மேக்கருக்கோ அனுப்புகிற ஒரு செயலியை எழுத வேண்டும். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் அது ஓட வேண்டும். சாளரம், பொத்தான் போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் கருவித்தொகுதிகளில் எதில் எழுதுவது?

கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக நிறுவற்கோப்பின் அளவு, நினைவகம், தோற்றம் என்று பார்ப்பார்கள். இந்தச் செயலிக்கு அவை இரண்டாம் பட்சம். அச்சகத்தில் கணினி முன் இருப்பவர் நாள் முழுக்கச் செய்யப் போவது இரண்டே வேலை: எங்கிருந்தோ கொப்பி பண்ணி இங்கே ஒட்டுவார், எங்கிருந்தோ இழுத்து இங்கே போடுவார். பொத்தான் கொஞ்சம் அசிங்கமாக இருந்தால் பொறுத்துக்கொள்வார். ஒட்டிய எழுத்து குப்பையாக விழுந்தால் அன்றைக்கே செயலியை மூடிவிட்டுப் பழைய வழிக்குப் போய்விடுவார். ஆகவே அந்த இரண்டு வேலையையும் மட்டும் வைத்துப் பார்க்கிறேன். இணையச் செயலியாகச் செய்துவிடலாமே என்றால், அச்சுத் தரப் படங்களை மேலேற்றி இறக்கிக்கொண்டிருக்க இந்தக் கெடுவுக்குள் யாருக்கும் பொறுமை இராது.

முதலில் பாமினி

பாமினியில் "தமிழ்" என்று தட்டினால் கோப்புக்குள் இருப்பது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான். அதை வேர்ட்டிலிருந்து கொப்பி பண்ணும்போது, ஒட்டும் வரை அது தங்கும் இடமான கிளிப்போர்டில் ஒரே உள்ளடக்கம் பல வடிவங்களில் போய் விழுகிறது: வெறும் எழுத்து, எழுத்தின் தோற்ற விபரத்தோடு சேமிக்கும் ஆர்டிஎஃப், இணையப் பக்க வடிவமான எச்டிஎம்எல், இன்னும் சில. வெறும் எழுத்தில் எழுத்துருவின் பெயர் இல்லை. ஆர்டிஎஃப்பில் ஓர் எழுத்துரு அட்டவணை இருக்கும். எச்டிஎம்எல்லில் துண்டுகளின் பாணி விபரத்தில் பெயர் இருக்கும்.

ஒரு பந்தி முழுவதும் பாமினி என்றால் ஊகித்து மாற்றிவிடலாம். கல்வெட்டில் அப்படி அமையாது. மகள் படித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர், மருமகன் வேலை செய்யும் நிறுவனம், நன்றி நவிலலின் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி என்று ஆங்கிலம் நடுவில் நடுவில் வரும். அது டைம்ஸ் நியூ ரோமனிலோ ஏரியலிலோ இருக்கும். எது உண்மையான ஆங்கிலம், எது ஆங்கில எழுத்தாகச் சேமிக்கப்பட்ட தமிழ் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது எழுத்துருப் பெயர் ஒன்றுதான். அதை எறிந்துவிட்டு வெறும் எழுத்தை மட்டும் யுனிகோட்டுக்கு மாற்றினால் மின்னஞ்சல் முகவரியும் "தமிழாகி" விடும்.

எச்டிஎம்எல் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. வேர்ட் சில நேரம் எழுத்துருப் பெயரை அந்தத் துண்டிலேயே எழுதும். சில நேரம் ஒரு வகுப்புப் பெயரை மட்டும் அங்கே வைத்துவிட்டு, விபரத்தைத் தலைப்பகுதியில் உள்ள பாணித் தொகுதியில் வைக்கும். இடையில் இருக்கிற கருவி நல்லெண்ணத்தோடு எச்டிஎம்எல்லைச் சுத்தம் செய்து தலைப்பகுதியை வெட்டித் தந்தால், மிஞ்சும் வகுப்புப் பெயரால் ஒரு பயனும் இல்லை. உலாவிகளின் புதிய ஒத்திசைவற்ற கிளிப்போர்ட் ஏபிஐ (பக்கங்கள் கிளிப்போர்டை அணுகும் நிரல் இடைமுகம்) இப்படிச் சுத்தம் செய்கிற வகை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிற ஊர்களில் இது ஒரு பாதுகாப்பு வசதி. இங்கே அது தரவிழப்பு.

ஆகவே எனக்கு முதல் கேள்வி, "இழுத்துப் போடுதல் வேலை செய்யுமா" என்பது அல்ல. எல்லாக் கருவியிலும் அது ஏதோ ஒரு விதத்தில் வேலை செய்யும். கிளிப்போர்டிலும் ட்ரொப்பிலும், அதாவது இழுத்துப் போட்டதிலும், இருக்கிற எல்லா வடிவங்களையும் தொடாமல் அப்படியே என்னிடம் தருமா என்பதே கேள்வி.

கீழே நடப்பது என்ன

எந்தக் கருவியை எடுத்தாலும் அதன் அடியில் இயங்குதளம் இருக்கிறது, அவை ஒன்றுபோல் சிந்திப்பதில்லை.

விண்டோஸில் இழுத்துப் போடுதல் ஓஎல்இ என்ற அதன் சொந்த ஏற்பாட்டின் வழியாக நடக்கிறது. இழுப்பவர் ஒரு தரவுப் பொருளை நீட்டுகிறார், பெறுபவர் தனக்கு வேண்டிய வடிவத்தை அதனிடம் கேட்கிறார். எக்ஸ்புளோரரில் இருக்கும் சாதாரணக் கோப்பு என்றால் பாதைப் பட்டியல் வரும். சிப்புக்குள்ளிருந்தோ அவுட்லுக்கிலிருந்தோ இழுத்தால் வருவது வேறு: கோப்பின் பெயரும் அளவும் கொண்ட விபரப் பட்டியல் ஒன்று, உள்ளடக்கம் தனியாக. வட்டில் இன்னும் அப்படி ஒரு கோப்பே இல்லை. பாதையை மட்டும் எதிர்பார்க்கிற செயலியில் இதைப் போட்டால் ஒன்றும் நடக்காது; பயனர் இன்னொரு தடவை இழுப்பார், பிறகு திட்டுவார். எங்கள் ஊரில் படங்கள் சிப்பாகவே வருவதால் இது அரிதான சங்கதி அல்ல.

விண்டோஸின் எச்டிஎம்எல் வடிவத்தில் தமிழர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒரு குழி உண்டு. அந்தத் தரவின் தலையில் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்கள் எழுதியிருக்கும். அவை எழுத்து எண்ணிக்கை அல்ல, யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் சேமிப்பு முறையின் பைட் எண்ணிக்கை. "யாழ்ப்பாணம்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யுனிகோட்டில் 11 குறிகள். யுடிஎஃப்-8 இல் 33 பைட். நிரல்மொழி தருகிற சர நீளத்தை அப்படியே போட்டால் ஆங்கிலத்தில் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், தமிழை ஒட்டும்போது பந்தியின் பின்பாதி காணாமல் போகும். நல்ல கருவி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று: செயலியை நிர்வாகி உரிமையோடு திறந்திருந்தால், விஸ்டா முதற்கொண்டு வந்த விண்டோஸில் சாதாரண எக்ஸ்புளோரரிலிருந்து அதற்குள் எதையும் இழுத்துப் போட முடியாது. குறைந்த உரிமையுள்ள செயலி கூடிய உரிமையுள்ள சாளரத்துக்குச் செய்தி அனுப்புவதை விண்டோஸ் தடுக்கிறது. பழைய மென்பொருள்களை எல்லாம் நிர்வாகியாக ஓட்டிப் பழகிய கடைகளில் "உங்கட செயலியில் இழுக்க ஏலாது" என்ற முறைப்பாடு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மக்கில் கிளிப்போர்டுக்குப் பெயர் பேஸ்ட்போர்ட், அது ஒழுங்கானது. ஒவ்வொரு வடிவத்துக்கும் சீரான அடையாளம் உண்டு, "கோப்பு இப்போது இல்லை, போட்டதும் தருகிறேன்" என்ற வாக்குறுதிக்கும் முறையான வழி உண்டு. நமக்குச் சிக்கல் கோப்புப் பெயரில். மக்கிலிருந்து வரும் பெயர்களில் ஒகர ஓகார உயிர்மெய்கள் பிரிந்த நிலையில் இருக்கலாம். "கோப்பாய்" என்ற கோப்புப் பெயரில் ஓகாரக் குறி ஒற்றைக் குறியாக இல்லாமல் ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டாக இருக்கும். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடினால் கிடைக்காது, அதே கோப்பை இரண்டாம் முறை போட்டால் புதிது என்று செயலி நினைக்கும். கொக்குவில், கோண்டாவில், தொண்டைமானாறு என்று நம் ஊர்ப்பெயர்களில் பாதிக்கு இந்த ஆபத்து உண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சி என்ற, குறிகள் சேர்ந்திருக்கும் யுனிகோட் வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டால் தீர்ந்தது. எந்தக் கருவியிலும் ஒரு வரி வேலை, ஆனால் கருவி உங்களுக்காகச் செய்யும் என்று நம்பியிருக்க வேண்டாம். கோப்பைத் திறக்கும்போது மட்டும் வந்த பெயரையே பயன்படுத்துங்கள். இயல்பாக்கியதை ஒப்பிடவும் காட்டவும் வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் திரையையும் சாளரங்களையும் நடத்தும் முறையில் இரண்டு உலகம். பழைய எக்ஸ்11இல் கிளிப்போர்ட் என்று தனியே ஒரு களஞ்சியம் கிடையாது. கொப்பி பண்ணிய செயலியே தரவை வைத்திருக்கும், யாராவது ஒட்டும்போது அப்போது எடுத்துக் கொடுக்கும். கடைக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் சாமான் வாங்க முடியாதது போலத்தான்: செயலியை மூடினால் கொப்பி பண்ணியதும் போய்விடும், இடையில் ஒரு கிளிப்போர்ட் மேலாளர் இருந்து அதைப் பொறுப்பெடுத்தால் ஒழிய. புதிய வேலண்டிலும் தரவு உரிமையாளரிடம்தான் இருக்கிறது. அதோடு இன்னொரு கட்டுப்பாடு: எந்தச் சாளரத்தில் பயனர் இப்போது இருக்கிறாரோ அதற்கு மட்டுமே கிளிப்போர்டைப் பார்க்க அனுமதி.

இந்தக் கட்டுப்பாடு ஓர் ஆசையை நேரடியாக அடிக்கிறது. பின்னணியில் இருந்து கிளிப்போர்டைக் கவனித்து, பாமினி விழுந்தால் "யுனிகோட்டாக்கவா?" என்று கேட்கிற வசதி எல்லோருக்கும் தோன்றும். விண்டோஸில் அதற்கு முறையான அறிவிப்பு உண்டு. மக்கில் அறிவிப்பு இல்லை, மாற்ற எண்ணைக் கொஞ்ச நேரத்துக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சாதாரண வேலண்ட் நெறிமுறையில் முடியவே முடியாது. சில மேசைச்சூழல்கள் தனி நீட்டிப்பு மூலம் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. எந்தக் கருவித்தொகுதியும் இதை மாயமாகத் தீர்க்காது. லினக்ஸில் அந்த வசதியை விட்டுவிடுங்கள்.

கியூட்டி

கியூட்டி (Qt) என்பது ஒரே நிரலால் மூன்று தளத்துக்கும் செயலி எழுத உதவும் கருவித்தொகுதி. அதில் கிளிப்போர்டிலிருந்து வந்தாலும் ட்ரொப்பிலிருந்து வந்தாலும் எல்லாம் கியூமைம்டேட்டா என்ற ஒரே பொருளாகக் கைக்கு வரும். ஒட்டுவதற்கும் போடுவதற்கும் ஒரே செயற்கூறை எழுதினால் போதும் என்பது சின்ன விஷயமல்ல; வேறு சில கருவிகளில் இந்த இரண்டும் இரண்டு வழியாகப் போகின்றன, ஒன்றில் திருத்திய பிழை மற்றதில் மிஞ்சியிருக்கும்.

வடிவப் பட்டியலைக் கேட்டால் இருப்பதை எல்லாம் சொல்லும். விண்டோஸின் எச்டிஎம்எல்லைப் பொதுப் பெயருக்கு மாற்றித் தரும், மேலே சொன்ன பைட் கணக்கையும் அதுவே பார்க்கும். தனக்கு அர்த்தம் தெரியாத விண்டோஸ் வடிவங்களைக்கூட ஒரு தனி முன்னொட்டோடு மூலத்தரவாகக் காட்டும். பாமினிக்கு வேண்டியது இதுதான்: முதலில் எச்டிஎம்எல், அதில் எழுத்துரு தெரியாவிட்டால் ஆர்டிஎஃப், இரண்டும் இல்லாவிட்டால் வெறும் எழுத்தை வைத்து ஊகித்துப் பயனரிடம் கேட்பது. இழுத்துக்கொண்டிருக்கும்போதே தரவைப் பார்க்க முடிவதால், போடுவதற்கு முன்பே சாளரத்தின் ஓரத்தில் "பாமினி" என்று காட்டலாம்.

குறைகளும் இருக்கின்றன. சிப்பிலிருந்து வரும் அந்த "இன்னும் இல்லாத" கோப்புகளைக் கியூட்டி தானாகக் கோப்பாக்கித் தராது. விண்டோஸுக்கென்று ஒரு மாற்றி வகுப்பு நீங்களே எழுத வேண்டும், அதற்கான வகுப்பு கியூட்டி 5 இலும் 6 இலும் ஒன்றல்ல. மக்கின் வாக்குறுதிக் கோப்புகளுக்கும் கொஞ்சம் கைவேலை வேண்டும். பிறகு, விண்டோஸில் உங்கள் செயலியிலிருந்து எதையாவது இழுக்கத் தொடங்கியதும் பயனரின் செயல்களைக் கவனிக்கும் கியூட்டியின் நிகழ்வுச் சுழல் நின்றுவிடும். மக்கிலும் லினக்ஸிலும் நிற்காது. சிறுபடம் உருவாக்குவது போன்ற வேலைகளைத் தனி இழையில் வைக்காவிட்டால் ஒரு தளத்தில் மட்டும் செயலி உறைந்ததுபோல் இருக்கும்.

உரிமத்தை எல்லோரும் பயத்தோடு கேட்கிறார்கள். பைதனில் எழுதுவதானால் கியூட்டிக்கு இரண்டு இணைப்புகள் உண்டு: பைசைட் எல்ஜிபிஎல் என்ற தளர்வான திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. பைகியூட்டி, உங்கள் மூலநிரலையும் திறக்கக் கேட்கும் ஜிபிஎல் அல்லது காசு. மூலநிரலைத் திறக்காமல் அச்சகங்களுக்கு விற்க நினைப்பவர் பைசைட்டை எடுத்து எல்ஜிபிஎல் நிபந்தனைகளைப் பின்பற்றினால் போதும்.

எலெக்ட்ரொன்

இங்கே மென்பொருள் படித்து வெளியே வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் கைவந்தது. ஆகவே அந்த மொழியில், உள்ளே ஓர் உலாவியை வைத்துக் கணினிச் செயலி எழுதவிடும் எலெக்ட்ரொனைச் சும்மா தட்டிக் கழிக்க முடியாது.

கிளிப்போர்டில் அது நன்றாகவே நிற்கிறது. அதன் சொந்தக் கிளிப்போர்ட் கூறு எச்டிஎம்எல்லையும் ஆர்டிஎஃப்பையும் படத்தையும் வாசிக்கும், என்னென்ன வடிவம் இருக்கிறது என்று பட்டியலும் தரும். எழுதும்போது ஒரே தடவையில் பல வடிவங்களை வைக்கலாம். உலாவியின் ஏபிஐயை விட்டுவிட்டு இந்தக் கூறையோ பேஸ்ட் நிகழ்வையோ பயன்படுத்தினால் பாமினிப் பரீட்சையில் தேறிவிடும்.

இழுத்துப் போடுதலில்தான் மனம் கசக்கிறது. பக்கத்துக்குள் நடப்பது எச்டிஎம்எல்5 இழுவை. அதன் வேர் 1999 இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 இல் இருக்கிறது. அதை வைத்துத்தான் பின்னர் தரநிர்ணயம் எழுதினார்கள். மேலே வந்து நிற்கும் நிகழ்வில் இயல்பு நடத்தையைத் தடுக்க மறந்தால் ட்ரொப் நிகழ்வே வராது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டியைக் கடக்கும்போதும் "வெளியே போனார்" நிகழ்வு வந்து வெளிச்சம் மினுங்கும். போடும் வரை தரவை வாசிக்க முடியாது. வடிவங்களின் பெயர் மட்டும் தெரியும். பாதுகாப்புக்காக வைத்த விதி, நியாயம்தான். ஆனால் கியூட்டியில் காட்டிய அந்த முன்னறிவிப்பை இங்கே காட்ட முடியாது.

கோப்புப் பாதையை எடுக்கும் வழியும் மாறிவிட்டது. முன்பு கோப்புப் பொருளிலேயே பாதை இருந்தது; 2024 இல் வந்த எலெக்ட்ரொன் 32 இல் அதை நீக்கிவிட்டார்கள், இப்போது தனிச் செயற்கூறைக் கேட்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளை அப்படியே ஒட்டினால் பாதை வராது. வெளியே இழுப்பதற்கும் தனி வழி உண்டு, ஆனால் கோப்பு முன்பே வட்டில் இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் எலெக்ட்ரொன் கியூட்டியை முந்துகிறது: விண்டோஸில் அவுட்லுக்கிலிருந்து நேராக இழுக்கும் இணைப்புகளை அதன் உள்ளிருக்கும் உலாவியான குரோமியம் தானே ஏற்று, சாதாரணக் கோப்பு மாதிரிப் பக்கத்துக்குத் தருகிறது. நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. மின்னஞ்சலிலிருந்து நேரே இழுத்துப் பழகிய ஆட்களுக்குச் செயலி எழுதுவதானால் இதற்கு நல்ல எடை போடுவேன்.

பழைய கணினி விஷயத்தில் கணக்கு மாறும். விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசி எலெக்ட்ரொன் 22. கியூட்டி 6 க்கு விண்டோஸ் 10 வேண்டும், ஆனால் கியூட்டி 5.15 விண்டோஸ் 7 இலும் ஓடும். பேஜ்மேக்கருக்காகவே ஒரு பழைய கணினியை மாற்றாமல் வைத்திருக்கிற அச்சகங்கள் உங்கள் வாடிக்கையாளர் என்றால், இது தோற்றத்தைவிடப் பெரிய விஷயம்.

டௌரி

டௌரியும் எலெக்ட்ரொன் போல இணைய நுட்பத்தால் செயலி எழுதும் கருவி, 2024 ஒக்டோபரில் 2.0 ஆனது. இயங்குதளத்தில் ஏற்கனவே இருக்கும் வெப்வியூவை, அதாவது இணையப் பக்கம் காட்டும் கூறைப் பயன்படுத்துவதால் நிறுவற்கோப்பு மிகச் சிறியது. பென்ட்ரைவில் கொண்டுபோய்ப் போடும் ஊருக்கு அது வசதிதான். ஆனால் நம்முடைய இரண்டு வேலைகளில் அது ஒரு முட்டுச்சந்தில் கொண்டுபோய் விடுகிறது. கோப்பு இழுத்துப் போட்டால் பாதையோடு தருகிற வசதி டௌரியிடம் இருக்கிறது, இயல்பாகவே இயங்கும். விண்டோஸில் அது இயங்கும்வரை பக்கத்துக்குள் எச்டிஎம்எல்5 இழுவை வேலை செய்யாது. அதை வேண்டுமென்றால் இதை அணைக்க வேண்டும். நம் செயலியில் வெளியிலிருந்து படங்களை இழுத்துப் போடவும் வேண்டும், உள்ளே பக்கங்களை இழுத்து வரிசை மாற்றவும் வேண்டும். உள்ளே நடக்கும் இழுவையை மட்டும் மௌஸ் நிகழ்வுகளால் கையால் எழுதி இதைத் தாண்டலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். செய்யலாம் என்பதற்காகச் செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி.

மூன்று தளத்தில் மூன்று வேறு வெப்வியூ என்பதும் இருக்கிறது. விண்டோஸில் குரோமியம் வழி, மக்கில் வெப்கிட், லினக்ஸில் வெப்கிட்ஜிடிகே. வேர்ட்டின் எச்டிஎம்எல்லை ஒட்டும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு சுத்தம் செய்கிறது என்பது ஒன்றாக இராது. டௌரியின் அடிமொழியான ரஸ்ட் தெரிந்தவர் இயங்குதளத்தின் கிளிப்போர்டை நேரே வாசிக்கும் பகுதியைத் தானே எழுதலாம். அப்படி எழுதத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

மற்றவை

கைபேசிச் செயலிகளுக்கும் பயன்படும் கருவித்தொகுதியான பிளட்டரின் சொந்தக் கிளிப்போர்ட் வகுப்பு வெறும் எழுத்தோடு நின்றுவிடும். மற்ற வடிவங்களுக்கும் இழுத்துப் போடுதலுக்கும் வெளிப் பொதிகள் வேண்டும். சூப்பர் கிளிப்போர்ட், சூப்பர் ட்ராக் அன்ட் ட்ரொப் என்ற இரண்டும் நல்லவை, இன்னும் இல்லாத கோப்புகளையும் கவனிக்கின்றன. உங்களிடம் ஏற்கனவே பிளட்டர் கைபேசிச் செயலி இருந்தால் யோசிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் தன் செயலியின் உயிர்நாடியை மூன்றாம் ஆளின் பொதியில் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜாவாவை யாரும் இப்போது பேசுவதில்லை, அது அநியாயம். அதன் சாளரக் கருவிகளான ஸ்விங்கிலும் ஜாவாஎஃப்எக்ஸிலும் பல வடிவக் கிளிப்போர்ட் நெடுங்காலமாகவே ஒழுங்காக இருக்கிறது, எச்டிஎம்எல், ஆர்டிஎஃப், கோப்புப் பட்டியல் எல்லாம் வரும். பல்கலைக்கழகத்தில் ஜாவா படித்துவிட்டு வேறொன்றும் பழகாத ஒருவர் இதிலேயே எழுதினால் குறை சொல்ல மாட்டேன். லினக்ஸில் வேலண்டில் நேராக ஓடாமல் எக்ஸ்11 போர்வை வழியாக ஓடும், அங்கே இழுவை அவ்வப்போது தடுமாறும்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக இயல்பு நிரல் எழுதுவது? எல்லாம் கிடைக்கும், மூன்று மடங்கு வேலையும் கிடைக்கும். இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு அது ஆகாது. விண்டோஸின் இல்லாத கோப்பு போன்ற ஒரு மூலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நான் எங்கே சாய்கிறேன்

கல்வெட்டு மென்பொருளுக்குக் கியூட்டி, பைசைட் வழியாக. விண்டோஸ் 7 கணினிகளையும் சேர்க்க வேண்டுமென்றால் கியூட்டி 5.15 இல் நில்லுங்கள். இல்லாத கோப்புக்கான மாற்றியை எழுதுகிற தலையிடி உண்டு, ஆனால் அது ஒரு தடவை எழுதி முடிக்கிற தலையிடி. எச்டிஎம்எல்5 இழுவையின் தலையிடி ஒவ்வொரு புதிய திரைக்கும் திரும்ப வரும்.

குழுவில் எல்லோரும் இணைய ஆட்கள், புதிதாகப் படிக்க நேரம் இல்லை என்றால் எலெக்ட்ரொன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாமினி அங்கே பிழைத்துக்கொள்ளும். கோப்புகளை உள்ளே வாங்குவது மட்டுமே வேலை, எழுத்து ஒட்டுவது இல்லை என்கிற படத்தொகுப்புச் செயலிக்கு டௌரி சரி.

எதை எடுத்தாலும் இரண்டு விஷயம். கோப்பை வாங்கும்போது எப்போதும் "கொப்பி" என்றே பதில் சொல்லுங்கள், "மூவ்" என்று சொல்லாதீர்கள். விண்டோஸில் நகர்த்தியதாகப் பெறுபவர் சொன்னால், மூலத்தை அழிப்பது இழுத்தவரின் பொறுப்பு என்பதே ஏற்பாடு. வீட்டுக்காரர் கொண்டுவந்த பென்ட்ரைவில் இருந்த ஒரே படம் அப்படிப் போகக்கூடாது. மற்றது, இழுத்துச் செய்கிற ஒவ்வொன்றையும் இழுக்காமலும் செய்ய வழி வையுங்கள். இணையத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2 இதை 2023 இல் 2.5.7 என்ற விதியாகவே சேர்த்தது. வயதான எழுத்துக் கோப்பாளர் ஒருவரின் கை நடுங்கினால், வலது கிளிக்கில் "மேலே நகர்த்து" என்று ஒன்று இருந்தால் போதும்.

முடிவெடுக்குமுன் நீங்கள் சாய்கிற கருவியில் ஒரு வெற்றுச் சாளரம் எழுதுங்கள். அதில் எதை ஒட்டினாலும் போட்டாலும் வந்த வடிவங்களின் பட்டியலையும் ஒவ்வொன்றின் அளவையும் காட்டட்டும், வேறொன்றும் வேண்டாம். அதைப் பென்ட்ரைவில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய், அவர்களின் கணினியிலேயே போட்டுப் பாருங்கள்: வேர்ட்டிலிருந்து பாமினியும் ஆங்கிலமும் கலந்த ஒரு பந்தி, லிப்ரே ஒப்பிஸிலிருந்து அதே பந்தி, உலாவியில் திறந்த வட்ஸ்அப்பிலிருந்து ஒரு படம், திறந்து வைத்த சிப்புக்குள்ளிருந்து மூன்று படங்கள் ஒன்றாக, மக்கில் பெயரிட்ட "கோப்பாய்" கோப்பு ஒன்று. வேர்ட் பந்திக்கு வெறும் எழுத்து மட்டும் பட்டியலில் வந்தால் அந்தக் கருவியை அங்கேயே விட்டுவிடலாம். சிப்பிலிருந்து போட்டபோது பட்டியல் வெறுமையாக இருந்தால், அதற்கு எழுத வேண்டிய நிரலையும் சேர்த்து விலை சொல்லுங்கள்.